வாயோலை இல்லாத கட்டு

செய்யாற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் காவாந்தண்டலத்துக் கரையில் நின்று பார்த்தால் இதைக் கவனிக்கலாம். எதிர்க்கரையில் துணி துவைப்பவர் துணியைக் கல்லில் அடிக்கிறார், சத்தம் வருவதில்லை. அவர் கை மறுபடியும் தலைக்கு மேலே போய் நிற்கும்போதுதான் முந்தைய அடியின் சத்தம் நம்மை வந்து அடைகிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். காட்சியும் ஒலியும் இயற்கையிலேயே தனித்தனியாகப் புறப்பட்டுத் தனித்தனியாக வருகின்றன என்பதும், இரண்டும் ஒன்று என்று நாம் நம்புவது கிட்டத்தில் நிற்பதால் ஏற்பட்ட பழக்கம் என்பதும் அந்தப் பாடத்தில் கிடையாது. சினிமாக்காரர்களுக்கு இது தெரியும். 35 எம்.எம். பிலிம் வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஒரு ஃப்ரேம் ஓடும் நேரத்தில் ஒலி சுமார் 14 மீட்டர்தான் போகும். ஒரு நடிகர் பேசுவதை 30 மீட்டர் தள்ளி மைக்கை வைத்துப் பதிந்தால் உதட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டு ஃப்ரேம் இடைவெளி விழுந்துவிடுகிறது. கூர்மையான கண்ணுக்கு அது உறுத்தும்.

நமது சினிமாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் நடிகர்களை எழுதினார்கள், பாட்டுகளை எழுதினார்கள், அரசியலை எழுதினார்கள். படப்பிடிப்பு முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் நடக்கிற ஒரு சில்லறை வேலையை எழுதவில்லை. அன்று எடுத்த பிம்பத்தையும் அன்று பதிந்த ஒலியையும் பெயரிட்டு, எண்ணிட்டு, மறுநாள் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும்படி தயார் செய்து அனுப்புகிற வேலை அது. மறுநாள் பார்ப்பதற்குக் கோடம்பாக்கத்தில் 'ரஷ்' என்று பெயர். தயார் செய்வதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. அதை எப்போதும் கடைசி உதவியாளர்தான் செய்துவந்தார். தமிழ் சினிமாவின் அழகியல் பற்றி நாம் பேசுகிற பல விஷயங்கள் இந்தப் பெயரில்லாத வேலையில்தான் தீர்மானமாயின என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு அக்கறை ஏற்பட்டதற்குக் காரணம் என் தவறு ஒன்று. நண்பர் ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கட்டைக்கூத்து வாத்தியார் ஒருவரை வைத்து ஒரு விவரணப்படம் எடுக்கக் கிளம்பினார். மூன்று நாள் வேலை. ஆற்றங்கரை, வாத்தியாரின் வீட்டுத் திண்ணை, ஓர் இரவு ஒத்திகை. இரண்டு கேமராக்கள், ஒலிக்குத் தனியாக ஒரு சிறு ரிக்கார்டர். நான் வங்கி குமாஸ்தா என்பதால் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது: எந்த ஷாட், எத்தனையாவது டேக், எந்தக் கேமராவில் எந்த ஃபைல், ஒலியில் எது. முதல் நாள் சிரத்தையாக எழுதினேன். கிளாப் அடிக்க ஒரு கல்லூரிப் பையன். ஒவ்வொரு முறையும் அவன் பலகையோடு வந்து எண்ணைச் சொல்லி அடித்துவிட்டு நகர்ந்தபோது வாத்தியார் சிரித்தார். "யாருப்பா இவரு, எனக்கு முன்னாடி கட்டியக்காரன் மாதிரி வந்து வந்து நிக்கிறாரு?"

கூத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேலியின் துல்லியம் புரியும். திரைக்குப் பின்னால் வேஷம் நிற்கிறது. வருவது யார், எந்த நாட்டு ராஜா என்று முன்னே வந்து சொல்வது கட்டியக்காரன் வேலை. அவன் சொன்ன பிறகுதான் வேஷத்துக்குப் பெயர் உண்டு. கிளாப் பலகையும் அதையேதான் செய்கிறது. பலகையின் எண் கண்ணுக்கு. சொல்கிற எண் காதுக்கு. பலகையின் இரு கட்டைகளும் சேர்கிற ஃப்ரேமையும் 'டக்' என்ற சத்தத்தையும் எடிட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் நாள் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

பேசும் படம் தொடங்கியபோது இப்படிச் சேர்க்க வேண்டிய பிரச்னையே இல்லை. 1931 மார்ச்சில் வெளியான 'ஆலம் ஆரா'வை அர்தேஷிர் இரானி தானார் என்ற கருவியால் எடுத்தார். ஒரே பிலிமில் படமும் ஒலியும் சேர்ந்து பதியும் முறை. பக்கத்தில் ரயில் தடம் இருந்ததால் ரயில் ஓடாத இரவு நேரங்களில் எடுத்தார்கள். அதே பம்பாய் ஸ்டூடியோவில், அந்தப் படத்துக்குப் போட்ட செட்டுகளிலேயே, எச். எம். ரெட்டி தமிழின் முதல் பேசும் படமான 'காளிதா'ஸை எடுத்தார். 1931 அக்டோபர் 31 அன்று அது வெளியாயிற்று. டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். இரண்டு பாஷைகள் ஒரே பிலிமில், ஒரே நேரத்தில், அந்த இடத்துச் சத்தத்தோடு பதிந்திருக்கின்றன. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடையாது. கேட்க முடிந்தால் நமது சினிமாவின் குரல் முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும்.

ஒரே பிலிமில் இரண்டும் இருப்பதன் சௌகரியம் வெளிப்படை. எதையும் தேட வேண்டாம், சேர்க்க வேண்டாம். அதன் சிறையும் அங்கேயே இருக்கிறது. படச் சட்டத்தின் முன்னால் பிலிம் நின்று நின்று போகிறது. ஒலியைப் பதியவும் படிக்கவும் அது ஒரே சீராக ஓட வேண்டும். ஆகவே ஒரு பிம்பத்துக்கு உரிய ஒலி அந்தப் பிம்பத்தின் பக்கத்திலேயே இருக்க முடியாது, தள்ளித்தான் இருக்கும். பிற்காலத்தில் 35 எம்.எம். பிரதிகளுக்கு நிலைத்த கணக்குப்படி இது ஏறத்தாழ 20 ஃப்ரேம், ஒன்றேகால் அடி. ஒரே பிலிமில் பதிந்ததைப் படத்துக்காக ஓரிடத்தில் வெட்டினால் வேறொரு சொல் அறுபடும். கேமரா நாடக மேடைக்கு முன் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்ததற்கு நாடகக் கம்பெனிகளின் பாதிப்பை மட்டும் காரணம் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. கத்தரிக்கோல் கட்டுண்டு கிடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படத்துக்கு ஒரு நெகடிவ், ஒலிக்கு ஒரு நெகடிவ் என்று பிரித்த பிறகுதான் எடிட்டிங் என்ற கலை சுவாசிக்க முடிந்தது. சென்னைக்குப் பேசும் படம் 1934-ல் வந்தது. மௌனப் படக் காலத்திலிருந்தே தொழிலில் இருந்த ஏ. நாராயணன் தன் ஸ்ரீனிவாசா சினிடோனில் 'ஸ்ரீநிவாச கல்யாணம்' எடுத்தார். ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். சென்னையில் தயாரான முதல் பேசும் படத்தின் காதுகள் ஒரு பெண்ணுடையவை என்பதை நமது சினிமா எழுத்தில் எத்தனை பேர் ஒரு வரிக்கு மேல் எழுதியிருக்கிறோம்? படத்தில் யார் பாடினார் என்பது பாட்டுப் புத்தகத்தில் இருக்கும். மைக்கை எங்கே வைத்தார், எந்த டேக்கை வேண்டாம் என்றார் என்பதெல்லாம் ஒரு தாளில் இருந்திருக்க வேண்டும். தாள்களைக் காப்பாற்றும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்தத் தாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேமரா ஷீட் என்பது ஒரு சின்ன ரிப்போர்ட். ரோல் எண், பிலிமின் வகை, எமல்ஷன் எண், காட்சி எண், ஷாட், டேக், ஒவ்வொரு டேக்கும் எத்தனை அடி, ரோலில் மிச்சம் எத்தனை அடி, லேபுக்கு விசேஷக் குறிப்பு ஏதாவது. இயக்குநர் சரி என்று சொன்ன டேக்கைச் சுற்றி ஒரு வட்டம். மற்றவை என்.ஜி. லேபில் நெகடிவ் முழுவதையும் கழுவினாலும் வட்டமிட்டதை மட்டுமே ரஷ் பிரிண்ட் போடுவார்கள். ஒலிப்பதிவாளருக்கும் இதே மாதிரி ஒரு ஷீட் உண்டு. இரண்டு ஷீட்டுகளும் கேன்களோடு போக வேண்டும். கேனின் மேல் ஒட்டிய சீட்டிலும் அதே எண்கள் இருக்க வேண்டும். வங்கியில் வவுச்சரும் டே புக்கும் மாதிரிதான். ஒன்றில் உள்ளது மற்றதில் இல்லையென்றால் அன்று வீட்டுக்குப் போக முடியாது. இது வெறும் குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் அந்த வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கட்டும். 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-ல், பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்படுத்தியது. இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிஷமும். அதற்கு முன் தமிழ்ப் படங்கள் மூன்று மணி நேரத்தைத் தாராளமாகத் தாண்டியவை. பிலிம் அடிக்கணக்கில் ரேஷன் ஆகும்போது, வட்டமிடுகிற பென்சில் ஒரு விமர்சகனுடைய பென்சில்.

எல்லிஸ் ஆர். டங்கனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1936-ல் 'சதிலீலாவதி'யிலிருந்து 1950-ல் 'மந்திரிகுமாரி' வரை தமிழில் படம் எடுத்த அந்த அமெரிக்கருக்குத் தமிழ் தெரியாது. படத்தின் வட்டத்தை அவர் போடலாம். வசனத்தின் வட்டத்தைப் பாஷை தெரிந்த உதவியாளர்தான் போட வேண்டும். ஒரே டேக்கில் கண்ணுக்கு ஒரு நீதிபதி, காதுக்கு ஒரு நீதிபதி. தமிழ் சினிமா பின்னால் நிரந்தரமாக்கிக்கொண்ட ஒரு பிரிவினை அங்கே கண் முன்னால் நடந்திருக்கிறது.

பிரிவினையின் முதல் கட்டம் பாட்டிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் நடிகரே கேமரா முன் பாட, பக்கவாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து வாசித்தார்கள். 1938-ல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமா'ரில் ஒருவர் பாட இன்னொருவர் வாயசைத்தார். பிறகு மெய்யப்பனே கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944-ல் வெளியிட்டார். ரஷ் என்ற தினசரி வேலை பின்னணிப் பாட்டில் தலைகீழாகிறது. ஒலி முதலில் வந்துவிட்டது. பிம்பம் அதற்கேற்றபடி வாயசைக்க வேண்டும். பாட்டுக்கு இது நியாயம். பாட்டு ஒரு தனி உலகம். பேச்சுக்கும் இதுவே விதியானபோது நடந்தது வேறு.

1950களில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கியின் நாக்ரா டேப் ரிக்கார்டர் வந்தது. போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பதிவு செய்யும்' என்று பொருள். தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கும் சந்தைக்கும் போகலாம். ஒலியை அறைக்குள் கட்டிவைத்த ஸ்டூடியோவின் நியாயம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் முடிந்தது. ஆனால் டேப்புக்குப் பிலிமைப் போல ஓரத் துளைகள் இல்லை. அது நீளும், வழுக்கும். அதனால் கேமராவிலிருந்து ஒரு 50 சைக்கிள் துடிப்பை டேப்பிலேயே பதிந்துகொண்டு, அன்றிரவு துளையிட்ட மேக்னெடிக் பிலிமுக்கு மாற்றும்போது அந்தத் துடிப்பைத் தாளமாக வைத்துச் சரிசெய்தார்கள். தாளம் தவறாத பாட்டுக்காரனுக்குத் தம்புரா எப்படியோ, அப்படி. ரோல் எண் சங்கடமும் ஒன்று உண்டு. 400 அடி பிலிம் நாலரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 600 அடி டேப் 16 நிமிஷம் ஓடும். ஆகவே கேமராவின் 9, 10, 11 ரோல்களும் 12-ல் பாதியும் ஒலியின் 3-ஆம் ரீலில் இருக்கும். எண்ணோடு எண் பொருந்தாது. எழுதிய தாள் மட்டுமே பொருத்தும். டேப்பின் தலைப்பில் ஒலிப்பதிவாளர் படத்தின் பெயர், தேதி, ரீல் எண் எல்லாம் தன் குரலில் சொல்லி, அளவு பார்ப்பதற்கு ஒரு சீரான ஒலியையும் பதிவார். நாள் முடிவில் எல்லோரையும் அரை நிமிஷம் சும்மா நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெற்று ஒலியைப் பதிவார். எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலி அறை ஒவ்வொன்றுக்கும் தன் மௌனம் உண்டு. ஒரு மௌனத்தை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் காது கண்டுபிடித்துவிடும்.

இந்த மௌனம் தமிழ் சினிமாவில் பல பத்தாண்டுகள் இல்லை. காரணம் எளிமையானது. ஸ்டூடியோவை விட்டு வெளியே போனபோது நம்மவர்கள் கையில் இருந்தது ஆரிஃப்ளெக்ஸ் 2சி. லேசானது, உறுதியானது, தையல் மெஷினைப் போல் சத்தம் போடுவது. அதன் பக்கத்தில் நின்று வசனம் பதிய முடியாது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை அடக்கவும் முடியாது. ஆகவே படப்பிடிப்பில் பதிகிற ஒலிக்குப் 'பைலட்' என்று பெயரிட்டு, டப்பிங்கில் நடிகருக்கு வழிகாட்டவும் எடிட்டருக்கு அடையாளம் சொல்லவும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். உண்மையான குரல் பிறகு ஒலிக்கூடத்தில், இருட்டில், திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு துண்டுப் பிலிமைப் பார்த்துப் பேசப்பட்டது. பேசியவர் பெரும்பாலும் வேறொருவர். எதற்கும் பயன்படாத ஒலிக்கு யார் சிரத்தையாக ஷீட் எழுதுவார்கள்? எழுதும் வழக்கம் தேய்ந்தது. ஷாட் ஓடும்போதே இயக்குநர் 'திரும்பு, சிரி, போ' என்று கத்தலாம் என்ற சௌகரியம் ஏற்பட்டது. அந்தச் சௌகரியத்துக்கு ஏற்ற நடிப்பும் ஏற்பட்டது.

நமது இலக்கியத்தில் அதே வருஷங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976. அவருடைய கரிசல் வழக்குச் சொல்லகராதி 1982. ஒரு வட்டாரத்தின் பேச்சைக் காதால் கேட்டு, கேட்டபடியே தாளில் நிறுத்தும் பிரயாசை. பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977. கேமரா செட்டை விட்டு நிஜக் கிராமத்துக்குள் போயிற்று என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் போனது கண் மட்டும். அந்த அலையில் வந்த கிராமப் படங்களில் வெயில் நிஜம், வரப்பு நிஜம், புழுதி நிஜம்; கோழி கூவுவதும் கதவு முனகுவதும் தொண்டை கமறுவதும் கோடம்பாக்கத்து அறையில் தயாரானவை. நம்மிடம் நூற்றுக்கணக்கான ஊர்களின் பிம்பம் சேர்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்றின் குரல்கூட அந்த ஊருடையது அல்ல. 'சினிமா வாய்பேசும் சாதனம்' என்று குற்றம் சொல்லிவந்த நாம், அது தன் வாயால் பேசவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

டப்பிங்கில் அற்புதமான குரல் நடிப்பு இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. இருட்டறையில் நின்று இன்னொருத்தியின் அழுகையை அழுத பெண்களின் திறமை நான் குறைத்துப் பேசக்கூடியதல்ல. என் புகார் அவர்கள் மேல் இல்லை. மாற்று வழி ஒன்று இருந்தது என்ற ஞாபகமே நம்மிடம் அழிந்துபோனது. அதுதான் புகார். எஞ்சியது சடங்கு. இன்றும் படத்துக்குப் பூஜை போடுகிறபோது ஒரு பிரமுகர் முதல் கிளாப் அடிக்கிறார், மாலை போட்ட பலகையோடு; மறுநாள் பத்திரிகையில் புகைப்படம் வருகிறது. அந்தச் சத்தத்தை எந்தப் பிலிமோடும் யாரும் சேர்த்துப் பார்க்கப் போவதில்லை.

வீடியோவும் கம்ப்யூட்டரும் வந்தபோது இன்னொரு நுட்பமான விஷயம் நடந்தது. பிலிம் வினாடிக்கு 24 ஃப்ரேம், நம் தொலைக்காட்சி முறை 25. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு ஃப்ரேம் என்று அப்படியே மாற்றினால் 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்தில் ஓடி முடியும். குரல் ஏறத்தாழ முக்கால் ஸ்வரஸ்தானம் மேலே ஏறும். சுருதியைத் திருத்தாமல் செய்த மாற்றங்களில் பழைய பாட்டைக் கேட்டுவிட்டு, ரிக்கார்டில் கேட்டது இப்படியில்லையே என்று தடுமாறியவர்கள் உண்டு. எந்த வேகத்தில் எடுத்தது, எந்த வேகத்துக்கு மாற்றியது என்று ஒரு வரி எழுதியிருந்தால் திருத்தியிருக்கலாம். பிறகு கோடாக் 2012-ல் திவால் மனுப் போட்டது, ஃபுஜி 2013-ல் சினிமா பிலிம் உற்பத்தியை நிறுத்தியது, சென்னை லேப்களில் பிலிம் கழுவும் தொட்டிகள் காய்ந்தன. கேன் போய் ஃபைல் வந்தது.

கேமராவின் சத்தமும் அதோடு போய்விட்டது. 2001-ல் இந்தியில் 'லகான்', 2004-ல் தமிழில் 'விருமாண்டி' என்று படப்பிடிப்பிலேயே ஒலி பதிவது திரும்பி வந்தது. பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) அந்த இடத்து ஒலியை மட்டுமே நம்பி எடுத்த படம்; பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் இறக்கைப் படபடப்பும் அங்கே வசனத்துக்குச் சமமாக நிற்கின்றன. நாக்ரா வந்து அறுபது வருஷம் கழித்து நம் காது தெருவுக்கு வந்திருக்கிறது. வந்ததும் பழைய தாள்கள் எல்லாம் மறுபடி அவசியமாயின. கேமராவின் கடிகாரத்தையும் ரிக்கார்டரின் கடிகாரத்தையும் காலையில் ஒன்றாக வைக்க வேண்டும்; மதியத்துக்குள் விலகும், மறுபடி வைக்க வேண்டும். கார்டில் இருப்பதைப் பெயர் மாற்றாமல் முழுதாக நகலெடுக்க வேண்டும். நாள், கேமரா, ரோல் என்று ஃபோல்டருக்குத்தான் பெயர். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண் உண்டு, நகலிலும் அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் நகல் இருந்து, இரண்டும் டாலி ஆன பிறகே கார்டை அழிக்கலாம். இதில் எதுவும் புதிது அல்ல. பிலிமை இருட்டறையில் இறக்கிக் கேனில் டேப் ஒட்டிய உதவியாளருக்கு இது அத்தனையும் தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரமில்லாவிட்டாலும் பஸ் தூரத்தில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது. 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று மேடையில் சொல்பவர்கள் அதைப் படிப்பதில்லை. படித்தால் அது பெரும்பாலும் ஒரு குமாஸ்தாவின் நடைமுறைக் குறிப்பு. முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகத் தனித்தனிக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் இது எந்தக் குடும்பு என்று சொல்லும் ஒரு வாயோலை பூட்ட வேண்டும். அதன் பிறகே குடத்தில் இடலாம். குடத்திலிருந்து வந்த ஓலையை மத்யஸ்தன் ஐந்து விரலும் அகலத் திறந்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும். மறைத்து மாற்ற இடமில்லாதபடி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர்கள். யார் சபையில் உட்கார்ந்தார்கள் என்பதைவிட, கட்டுக்கு வாயோலை உண்டா என்று கவலைப்பட்டு அதைக் கல்லில் வெட்டிவைத்த மனசு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மனசு நமக்கு எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை. பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராக, ஸ்டில்களையும் பாட்டுப் புத்தகங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பட்டியல் போட்டிராவிட்டால், எந்தப் படம் எந்த வருஷம் என்பதுகூட இன்று வம்புப் பேச்சாக இருந்திருக்கும்.

கணக்குக் காட்டாதவர் வரிசையில் நானும் சேர்த்தி. இரண்டாம் நாள் பிற்பகல், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாத்தியார் ஆற்று மணலில் தனியாக நின்று 'கர்ண மோட்ச'த்திலிருந்து பாட ஆரம்பித்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. முகவீணை இல்லை, தாளம் இல்லை. கேமராக்காரர்கள் கையைக் கழுவாமல் ஓடினார்கள். ஒலிக்கு நின்ற நண்பரும் ஓடிப்போய் ரிக்கார்டரை வாத்தியாரின் காலடியில் வைத்துவிட்டு விலகினார். கிளாப் இல்லை. என் நோட்டுத் திண்ணையில் இருந்தது. எடுக்கப் போயிருக்கலாம், போகவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எண் எழுதுவது அநாகரிகம் என்று தோன்றியது. இலக்கியவாதியின் கர்வம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்று இரவு ஒலிக் கார்டை லாப்டாப்பில் 'ஒலி' என்று ஒரு ஃபோல்டர் போட்டு நகலெடுத்தேன், நாள் எழுதவில்லை. கார்டை அழித்தோம். பாட்டரி மாற்றியதில் ரிக்கார்டரின் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விட்டிருந்தது, மறுநாள் எண்ணும் 001-லிருந்து மறுபடி தொடங்கியது. மூன்றாம் நாள் இரவு அதே ஃபோல்டரில் போட்டபோது இதே பெயரில் ஃபைல்கள் இருக்கின்றன, மாற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கவுண்டரில் தினமும் நூறு தடவை அழுத்துகிற மாதிரி ஆம் என்று அழுத்தினேன்.

படம் இருக்கிறது. 17 நிமிஷம். ஒரு கேமரா அருகில், ஒன்று தண்ணீருக்கு அப்பால். இரண்டின் சொந்த மைக்கிலும் ஆற்றுக்காற்று மட்டும் படபடக்கிறது. அழிந்த கார்டிலிருந்து மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒருவரிடமும் கொடுத்துப் பார்த்தோம். அதே கார்டில் மூன்றாம் நாள் முழுவதும் பதிந்திருந்ததால் ஒன்றும் வரவில்லை.

வாத்தியாரிடம் போய்ச் சொன்னோம். கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி பாடித் தர முடியுமா என்று நண்பர் கேட்டார். "அன்னைக்குப் பாடினது அன்னைக்குத்தான் தம்பி" என்றார். பிறகு படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஒலியில்லாத அந்த 17 நிமிஷத்தையும் முழுதாகப் பார்த்தார். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, "இது நீங்க எழுதியிருக்கிற மாதிரி கர்ணன் பாட்டு இல்ல. அதுக்கு முன்னால பொன்னுருவிக்கு வர்ற விருத்தம். கையைப் பாருங்க" என்றார். நான் நோட்டை எடுத்து இரண்டாம் நாள் என்று தலைப்பிட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நிமிஷம், விருத்தம், பாட்டு, மறுபடி விருத்தம். ஒலி என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன்.